பழைய மைக்ரோபிராசசர் கிட்டை விற்பது எப்படி: முதலில் குறிப்பு, பிறகு விலை

பரணிலோ அலமாரியின் அடித்தட்டிலோ கிடக்கும் ஒரு பழைய மைக்ரோபிராசசர் கிட்டை விற்க நினைப்பவருக்கு உடனே எழும் கேள்விகள் இரண்டு. இன்னும் வேலை செய்யுமா? எவ்வளவு கிடைக்கும்? முதல் கேள்விக்கு விடை தேடிக் கையில் கிடைத்த அடாப்டரைச் செருகிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். இரண்டாவது கேள்விக்காக, இணையத்தில் யாரோ கேட்டிருக்கும் விலையைப் பார்த்துவிட்டுக் கனவு காண்கிறார்கள். இரண்டுமே தவறான தொடக்கம். இந்த அத்தியாயம் சொல்லும் வரிசை வேறு: முதலில் அந்தப் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிவையுங்கள், பிறகு படம் எடுங்கள், பிறகு அதற்குள் இருக்கும் புரோகிராமைப் பிரதி எடுங்கள், அதன் பிறகே மின்சாரம், அதற்கும் பிறகே விலை. பழைய நினைவுகளை எழுதுவது பொழுதுபோக்கு என்றும் விற்பனை என்பது காரியம் என்றும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்தப் பொருள்களைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை காசை இழக்க வைக்கும்.

## வாங்குபவர் எதற்குக் காசு கொடுக்கிறார்?

1976-இல் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் கிம்-1 என்ற ஒற்றை போர்டு கணினியை 245 டாலருக்கு விற்றது. 6502 பிராசசர், ஒரு கிலோபைட்டைச் சற்றே தாண்டும் நினைவகம், ஆறு இலக்க எல்.இ.டி. திரை, சிறு விசைப்பலகை; அவ்வளவுதான். இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு இதைவிடப் பல மடங்கு வேகமானது. கிம்-1-இல் புரோகிராம் எழுதிப் பார்க்கும் ஆசைதான் காரணம் என்றால் அதற்கும் மலிவான வழி உண்டு: கிம் ஊனோ, பால்-1 என்று அதன் மறுபதிப்புகள் கிட்டாகவே விற்கின்றன, கணினித் திரையில் ஓடும் எமுலேட்டர்கள் இலவசம். இவ்வளவும் இருந்தும் அசல் போர்டுக்குத் தனி விலை இருக்கிறது. ஆகவே வாங்குபவர் கணக்குப் போடும் திறனுக்காகக் காசு கொடுக்கவில்லை. அசல் என்பதற்கும், முழுமையாக இருப்பதற்கும், இது எங்கே யார் கையில் இருந்தது என்ற ஆதாரத்துக்கும் கொடுக்கிறார்.

இதை மறுக்க முடியாதபடி காட்டும் பொருள் இன்டெலின் 4004. 1971 நவம்பரில் வெளிவந்த இந்தச் சிப்பின் தொடக்ககாலப் பிரதிகள் வெள்ளைப் பீங்கான் உடலும் தங்க மூடியும் கொண்டவை. அவற்றிலும் பீங்கானுக்குள் சாம்பல் நிறக் கோடுகள் தெரியும் வகையைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். பின்னாளில் பிளாஸ்டிக் உடலில் வந்த 4004 செய்யும் வேலையும் இதுவும் ஒன்றுதான். ஆனாலும் விலை ஒன்றல்ல. அந்த வெள்ளைச் சிப்பை வாங்குகிறவர் பெரும்பாலும் அதற்கு ஒருமுறைகூட மின்சாரம் கொடுக்கப்போவதில்லை.

"வாங்குபவருக்குப் பொருள்தானே வேண்டும், என் கதை எதற்கு?" என்று கேட்கலாம். வீட்டுக் கணினிகளுக்கு அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். தொழிற்சாலையிலிருந்து ஒரே அச்சில் லட்சக்கணக்கில் வந்தவை அவை. டெவலப்மென்ட் போர்டுகள் அப்படியல்ல. அவை பட்டறைக் கருவிகள். வாங்கியவர் தன் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்த்தே செய்யப்பட்டவை. இன்டெல் 1977-இல் கொண்டுவந்த எஸ்.டி.கே-85 போர்டில் ஒரு பெரும்பகுதி வெறும் துளைகளாக விடப்பட்டிருக்கும். பயன்படுத்துபவர் தன் சுற்றை அங்கே ஒயர்-ராப் முறையில் கட்டிக்கொள்ளத்தான். அந்த இடத்தில் யாரோ கட்டிய மஞ்சள் ஒயர் ஒன்று ஓடுகிறது என்று வையுங்கள். விளக்கம் இல்லாவிட்டால் வாங்குபவர் கண்ணுக்கு அது சேதம், விலையைக் குறைப்பார். 'நூற்பாலை இயந்திரம் ஒன்றுக்கு வேகக் கட்டுப்பாடு செய்ய 1981-இல் சேர்த்த கூடுதல் ரேம்' என்று ஒரு வரி இருந்தால் அதே ஒயர் வரலாறு. விலையைக் கூட்டவும் செய்யும். எழுதிவைப்பது முதல் வேலை என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

## கையில் இருப்பது எந்த வகை?

ஒற்றை போர்டு கிட்கள். கிம்-1, எஸ்.டி.கே-80, எஸ்.டி.கே-85, எஸ்.டி.கே-86, மோட்டோரோலாவின் எம்.இ.கே6800டி2 போன்றவை. அனுப்புவது எளிது, வாங்க ஆளும் உண்டு. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி இவற்றை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

முழு டெவலப்மென்ட் சிஸ்டங்கள். இன்டெலின் நீலப் பெட்டியான இன்டெலெக் எம்.டி.எஸ்., மோட்டோரோலாவின் எக்ஸார்சைசர், அவற்றோடு வந்த எட்டு அங்குல ஃபிளாப்பி டிரைவுகள், இன்-சர்க்யூட் எமுலேட்டர் பெட்டிகள். நிறுவனங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் விற்றவை என்பதால் இன்று அரிது. ஆனால் கனம். கூரியர் செலவே வியாபாரத்தைக் கெடுத்துவிடும். நேரில் வந்து எடுத்துப்போகும் ஆளைத் தேடுவதே நல்லது.

கல்லூரி டிரெய்னர் கிட்கள். பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆய்வகங்களில் 8085 ஓப்கோடை ஹெக்ஸில் தட்டிப் பழகிய கிட்கள். 3இ என்று தட்டினால் எம்.வி.ஐ. ஏ, 76 என்றால் ஹெச்.எல்.டி. என்பதை இன்றும் தூக்கத்தில் சொல்லக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பாசம் அதிகம், எண்ணிக்கையும் அதிகம். ஆகவே விலை குறைவு. இதைப் பற்றிக் கடைசியில்.

துணைப் பொருள்கள். ஈப்ராம் (புற ஊதா ஒளியால் அழிக்கக்கூடிய நினைவகச் சிப்) புரோகிராமர், புற ஊதா அழிப்பான், உதிரிச் சிப்கள், மேனுவல்கள். மேனுவலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கிம்-1-உடன் மூன்று புத்தகங்களும் சுவரில் ஒட்டும் பெரிய சுற்றுப்படமும் வந்தன. அவை நான்கும் உடன் இருக்கும் போர்டும், தனியாக நிற்கும் போர்டும் சந்தையில் வெவ்வேறு சரக்குகள்.

## படி 1: முதல் மணி நேரம், பிளக்கைத் தொடாமல்

எழுத உட்காரும் முன், போர்டுக்கு மேலும் சேதம் வராமல் காக்க ஐந்து விதிகள்.

1. மர மேசைமேல் ஈரமில்லாத பருத்தித் துணி விரித்து அதன்மேல் போர்டை வையுங்கள். பாலியெஸ்டர் துணி, தெர்மகோல், சாதாரண பிளாஸ்டிக் கவர் மூன்றும் நிலைமின்சாரம் உண்டாக்கும், சிப்களுக்கு ஆகாது. போர்டைத் தொடும் முன் எர்த் செய்யப்பட்ட உலோகப் பாகம் ஒன்றை விரலால் தொடுங்கள். போர்டை ஓரங்களைப் பிடித்து மட்டும் எடுங்கள்.
2. பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். நினைவகத்தைக் காப்பாற்ற வைத்த நிக்கல்-காட்மியம் செல்கள் வருடக்கணக்கில் கிடந்தால் ஒழுகும். பக்கத்தில் உள்ள செப்புத் தடங்களைப் பச்சையாக்கி அரித்துவிடும். முழு அத்தியாயத்திலும் உடனே செய்ய வேண்டிய அவசர வேலை இது ஒன்றுதான். கையுறை போட்டு, எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று படம் எடுத்துக்கொண்டு, கால்களை வெட்டி எடுங்கள்.
3. கண்ணாடிச் சன்னல் உள்ள ஈப்ராம் சிப்கள்மேல் லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். லேபிள் உதிர்ந்துபோயிருந்தால் ஒளி புகாத டேப்பை ஒட்டுங்கள். நேர் வெயிலில் சுமார் ஒரு வாரமும், குழல்விளக்கு வெளிச்சத்தில் தொடர்ந்து சுமார் மூன்று ஆண்டும் இருந்தால் 2716 என்ற ஈப்ராம் அழிந்துபோகக்கூடும் என்று இன்டெலின் தரவுத்தாளே எச்சரிக்கிறது. படம் நன்றாக வரட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் போர்டை வைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.
4. சிப்கள் குத்தப்பட்டிருக்கும் கறுப்பு நுரைப்பஞ்சு பிசுபிசுப்பாகிவிட்டதா? பழைய கடத்தும் நுரை நாளடைவில் சிதைந்து கால்களை அரிக்கும். சிப்பை நேராக மேலே இழுத்து எடுத்துப் புதிய ஆன்டிஸ்டாடிக் நுரையில் குத்துங்கள்.
5. எதையும் துடைக்காதீர்கள். தூசியை மென்மையான பிரஷால் தட்டலாம். அதற்குமேல் வேண்டாம்.

ஐந்தாவது விதியை மீறத் தூண்டுவது கறுத்துப்போன சிப் கால்கள். துரு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். எழுபதுகளில் பல சிப்களின் கால்களுக்கு வெள்ளி முலாம் பூசினார்கள். வெள்ளிக் கொலுசு கறுப்பது போலவே அதுவும் கறுக்கிறது. அது மேற்பூச்சுதான். தேய்த்தால் முலாம் போய், மெலிந்த கால் சாக்கெட்டுக்குள்ளேயே முறியும். சேகரிப்பவருக்குக் கறுத்த கால் குறையே இல்லை. முறிந்த கால்தான் குறை.

## படி 2: எழுதுவது

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இலக்கியம் வேண்டாம், நேரடியான விடைகள் போதும். இந்தப் போர்டு எந்த ஆண்டு, யார் மூலம் வந்தது? கிட்டாக வந்து கையால் சால்டர் செய்ததா, தயாராக வந்ததா? எந்த நிறுவனத்தில், எந்தப் பொருளை உருவாக்க உதவியது? எந்தச் சிப் மாற்றப்பட்டது, ஏன்? எந்த ஒயர் பின்னால் சேர்க்கப்பட்டது? கடைசியாக எப்போது வேலை செய்தது? ரசீது, சுங்கச் சீட்டு, கடிதம், ஆய்வக நோட்டு ஏதாவது இருக்கிறதா? பொருள் அப்பாவுடையதோ மாமாவுடையதோ என்றால், அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். போனில் பதிவு செய்தாலும் சரி. 'தெரியாது' என்பதும் ஒரு விடைதான். யூகத்தை உண்மைபோல எழுதுவதைவிட அது மேல்.

மனித நினைவு ஆண்டுகளைக் குழப்பும் என்பது உண்மை. "நாற்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சை நம்பி யார் காசு கொடுப்பார்கள்?" என்ற ஆட்சேபம் நியாயமானதே. நினைவைச் சரிபார்க்கும் சாட்சி அந்தப் போர்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் பாகத்தின் எண்ணோடு நான்கு இலக்கத் தேதிக்குறி ஒன்று அச்சாகியிருக்கும். 7732 என்றால் 1977-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். போர்டில் உள்ள தேதிகளிலேயே மிகப் பிந்தியது எதுவோ, அதற்கு முன்பு அந்தப் போர்டு இன்றைய வடிவத்தில் இருந்திருக்க முடியாது. எல்லாச் சிப்களும் 1977 என்றிருக்க ஒன்று மட்டும் 1984 என்றால், அது பின்னால் மாற்றப்பட்டது. போர்டின் மூலையில் அச்சிட்ட பதிப்புரிமை ஆண்டை நம்பாதீர்கள். அது வடிவமைத்த ஆண்டு, தயாரித்த ஆண்டு அல்ல. இன்னொரு வழுக்கல்: 7404, 7432 என்பவை டி.டி.எல். சிப்களின் பெயர்களும்கூட. 1974 தயாரிப்பு என்று மகிழும் முன் அதே சிப்பில் இரண்டாவது எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் குறிகள் சில சமயம் நேரடியாகவே விலையாகும். 1976-இன் நடுப்பகுதிக்கு முன் வந்த 6502 சிப்களில் ஆர்.ஓ.ஆர். என்ற கட்டளை கிடையாது. பிறகு வந்தவற்றில் உண்டு. பழைய சிப் உள்ள கிம்-1 கிடைத்தால் சேகரிப்பாளர் விடமாட்டார். அதேபோல் தொடக்ககாலக் கிம்-1 போர்டுகளில் மாஸ் டெக்னாலஜியின் சின்னம் இருக்கும். 1976-இல் காமடோர் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு வந்தவற்றில் காமடோர் சின்னம் வந்தது. 'குறைபாடுள்ள' பழைய பிராசசரைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் வாங்குபவர் மகிழ்வார் என்று நினைப்பது, இந்தச் சந்தையில் நடக்கும் மிக விலையுயர்ந்த நல்லெண்ணம்.

குறிப்பு: தேதிக்குறிகளைப் படிக்க டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். மங்கிய எழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில் தெளியும்.

படங்களும் இதே நோக்கத்துக்காகத்தான். போர்டின் முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு பெரிய சிப்பும் எழுத்து தெரியும்படி, ஒவ்வொரு ஒயரும், ஒவ்வொரு கீறலும். கீறலை மறைத்து எடுத்த படம் பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதமாக வரும்.

## படி 3: உள்ளே இருக்கும் புரோகிராமைக் காப்பாற்றுவது

கைவசமுள்ள சிப்களில் விலைக்குக் கிடைக்காதது ஈப்ராமில் உள்ள எழுத்துதான். சிப் இன்னொன்று வாங்கலாம். அதில் ஒருவர் பல மாதம் உட்கார்ந்து எழுதிய கட்டுப்பாட்டு புரோகிராமை வாங்க முடியாது. மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துத்தான் ஈப்ராம் தகவலைக் காக்கிறது. அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். நாற்பது ஆண்டு கடந்த சிப்பில் எல்லா பிட்டும் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

1. சிப்பைக் கழற்றும் முன் அதன் திசை தெரியும்படி படம் எடுங்கள். தலைகீழாகச் செருகி மின்சாரம் கொடுத்தால் சிப் போய்விடும்.
2. எண்ணைப் பாருங்கள். இன்டெலின் 2716, 2732, 2764 ஒற்றை 5 வோல்ட்டில் படிக்கக்கூடியவை, மலிவான யூ.எஸ்.பி. புரோகிராமர்கள் பலவற்றில் படிக்கலாம். 1702ஏ, 2708 இரண்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும்; அவற்றை அந்தக் கருவியில் செருகவே கூடாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எம்.எஸ்.2716 பெயரில்தான் 2716. அதற்கும் மூன்று மின்னழுத்தம். எஸ்.டி.கே-85-இல் மானிட்டர் புரோகிராம் இருக்கும் 8355 அல்லது 8755 நாற்பது கால் சிப். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், வாங்குபவர் பார்த்துக்கொள்வார்.
3. 'ரீட்' மட்டும். 'ரைட்', 'எரேஸ்' போன்ற பொத்தான்கள் பக்கம் கை போக வேண்டாம்.
4. மூன்று முறை படித்து மூன்று கோப்புகளையும் ஒப்பிடுங்கள். மாறுபட்டால் சிப் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

இங்கே ஒரு பொறுப்பும் இருக்கிறது. அந்தப் புரோகிராம் ஒரு நிறுவனத்துக்காக எழுதப்பட்டிருக்கலாம். இன்டெலெக் பெட்டியோடு வரும் எட்டு அங்குல ஃபிளாப்பிகளில் அந்த நிறுவனத்தின் மூல நிரல் முழுக்க இருக்கலாம். போர்டு உங்களுடையது என்பதால் அந்த எழுத்தும் உங்களுடையதாகிவிடாது. நிறுவனம் இன்னும் இயங்குகிறதென்றால் கேட்டுவிட்டு விற்பதுதான் முறை.

## படி 4: மின்சாரம் கொடுக்கலாமா?

'வேலை செய்கிறது' என்று போட முடிந்தால் விலை கூடும். இதில் சந்தேகம் இல்லை. அதனால்தான் 'சும்மா ஒருதரம் போட்டுப் பார்ப்போம்' என்ற ஆசை வருகிறது. ஆனால் கணக்கின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். கிம்-1-இன் மானிட்டர் புரோகிராம் 6530 என்ற இரண்டு சிப்களுக்குள் தயாரிப்பிலேயே பதிக்கப்பட்டது. அவை போனால் நேர் மாற்று கடையில் கிடையாது. 'சோதிக்கப்படவில்லை' என்று நேர்மையாக எழுதிய போர்டுக்கு வாங்க ஆள் உண்டு. அனுபவமுள்ள பலர் அதையே விரும்புகிறார்கள், தாங்களே பக்குவமாக எழுப்பிக்கொள்ளலாம் என்று. நேற்றுவரை உயிரோடிருந்து இன்று புகைந்த போர்டை யாரும் விரும்புவதில்லை. ஆகவே, கரன்ட் வரம்பு வைக்கக்கூடிய பென்ச் பவர் சப்ளையும் மல்டிமீட்டரும் இருந்து, அவற்றைப் பழகியிருந்தால் மட்டும் கீழே உள்ளதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தலைப்புக்குப் போகலாம்; இழப்பு பெரிதில்லை.

எச்சரிக்கை: உடன் வந்த பழைய பவர் சப்ளையை 230 வோல்ட்டில் செருகாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததானால் 115 வோல்ட்டுக்கு அமைத்திருக்கலாம். மெயின்ஸ் பக்கத்தில் உள்ள பழைய காகித வகை ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வெடிப்புவிட்டுப் புகைவது சகஜம். பெரிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும்.

1. மின்சாரம் இல்லாத நிலையில் +5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். முதல் சந்தேகம் மணி போன்ற சிறு டான்டலம் கெப்பாசிட்டர்கள்மேல்.
2. எந்த மின்னழுத்தங்கள் தேவை என்று மேனுவலில் பாருங்கள். 8085-க்கு 5 வோல்ட் போதும். 8080-க்கு +5, +12, −5 மூன்றும் வேண்டும். அதில் −5 முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். 2708-க்கும் இதே விதி.
3. பவர் சப்ளையைப் போர்டில் இணைக்கும் முன்பே 5.0 வோல்ட் வைத்து அளந்து பாருங்கள். கரன்ட் வரம்பை ஒன்றரை ஆம்பியருக்கு மேல் வைக்க வேண்டாம், எஸ்.டி.கே-85, கிம்-1 இரண்டுக்கும் அது போதும்.
4. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் மறுபடி சரிபாருங்கள். பிறகு ஆன் செய்யுங்கள். கரன்ட் வரம்பைத் தொட்டாலோ, ஏதாவது சிப் விரல் வைக்க முடியாமல் சுட்டாலோ உடனே ஆஃப்.

எஸ்.டி.கே-85 நல்ல நிலையில் இருந்தால் ரீசெட் அழுத்தியதும் திரையில் ஒரு கோடும் '80 85' என்ற எண்ணும் வரும். சப்ஸ்ட் மெம் அழுத்தி 2000 என்ற முகவரிக்குப் போய் 55, ஏஏ என்று மாற்றி மாற்றி எழுதி, திரும்பப் படித்து அதே வருகிறதா பாருங்கள். இதைப் போனில் ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள்.

கிம்-1-இல் நிலைமை வேறு. மின்சாரம் கொடுத்ததும் திரை இருண்டே கிடக்கும். செத்துப்போயிற்று என்று நினைத்து அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடக்கூடாது. அந்தப் போர்டில் தானாக ரீசெட் ஆகும் ஏற்பாடே இல்லை, ஆர்.எஸ். விசையை அழுத்தினால்தான் எழும். அழுத்தியும் எழவில்லையா? அப்ளிகேஷன் கனெக்டரில் ஏ-கே என்ற முனையைக் கிரவுண்டான ஏ-1-உடன் இணைக்கும் சின்ன ஒயர் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் எந்தக் கிம்-1-உம் ஓடாது. கனெக்டரைப் பயனற்றது என்று கழற்றி எறிந்தவர்கள் அந்த ஒயர் துண்டையும் சேர்த்தே எறிந்திருப்பார்கள். புரோகிராமை நிறுத்தும் எஸ்.டி. விசை வேலை செய்யவில்லை என்பதும் பழுதாக இருக்க வேண்டியதில்லை. 17எஃப்ஏ, 17எஃப்பி இரண்டு இடங்களிலும் 00, 1சி என்று முதலில் எழுதினால்தான் அது பேசும். அன்று அதில் வேலை செய்தவர் நினைவிலிருந்து இந்த மூன்று வரியைச் சொல்லியிருந்தால், 'பழுது' என்று போன போர்டு 'நன்றாக ஓடுகிறது' என்று போயிருக்கும். நினைவுக்கும் விலைக்கும் உள்ள உறவுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

## பிரித்து விற்கலாமே என்பவர்களுக்கு

இரண்டு வாதங்கள் வரும். ஒன்று, தங்கம். பீங்கான் சிப்களின் மூடியிலும் கால்களிலும் தங்கம் இருப்பது உண்மைதான்; ஆனால் மில்லிகிராம் கணக்கில். அதை எடுக்க நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் வேண்டும். கிளம்பும் புகை நுரையீரலைச் சுட்டுவிடும். வீட்டில் செய்யவே கூடாத வேலை. காயலான் கடைக்காரர் தரும் விலையும் எடைக்கான விலைதான். சிப்புக்கான விலை அல்ல.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது: பிராசசர் தனியாக, ஈப்ராம் தனியாக, எல்.இ.டி. தனியாக விற்றால் மொத்தத்தில் கூட வருமே? சில சமயம் வரும். போர்டு உடைந்திருந்தாலோ, ஏற்கெனவே பாதிச் சிப்கள் போயிருந்தாலோ பிரிப்பது நியாயம். பழைய இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் 8279, 8155 போன்றவற்றைத் தேடுகிறார்கள். ஆனால் முழுப் போர்டில் அந்தப் பிராசசரின் தேதிக்குறி பக்கத்துச் சிப்களோடு ஒத்துப்போகிறது என்பதே அதன் அசல் தன்மைக்குச் சான்று. கழற்றிய கணமே சான்று போயிற்று. உதிரிச் சிப் சந்தையில் பழைய எழுத்தை அழித்துப் புதிதாக அச்சிட்ட போலிகள் நிறைய. உங்கள் அசலும் அந்தச் சந்தேகத்துக்குள் போய் நிற்கும். பிரிப்பதைத் திரும்பப் பெற முடியாது என்பதால், ஒரு மாதமாவது முழுதாக விற்க முயன்ற பிறகே அதை யோசியுங்கள்.

## விலை, விளம்பரம், பொதி

விலைக்குச் சான்று கேட்கப்பட்ட தொகை அல்ல, விற்ற தொகை. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அதே மாடல், அதே நிலை, அதே துணைப் பொருள்கள் கொண்ட சிலவற்றைப் பாருங்கள். விளம்பரத்தில் எழுத வேண்டியது உங்கள் குறிப்புத்தாளிலிருந்தே வந்துவிடும்: மாடல், தேதிக்குறிகள், வரலாறு, மாற்றங்கள், குறைகள், சோதித்த விதம் அல்லது சோதிக்கவில்லை என்ற ஒற்றை வரி. 'மிக அரிது' என்ற சொல்லைத் தவிருங்கள். அறிந்தவர் சிரிப்பார், அறியாதவர் சந்தேகப்படுவார்.

பொதியைப் பற்றிச் சுருக்கமாக: ஆன்டிஸ்டாடிக் பை, அதன்மேல் பபிள் ராப், உள்பெட்டி, சுற்றிலும் இடம்விட்டு வெளிப்பெட்டி. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் சப்ளையைப் போர்டோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். வழியில் பெட்டி ஒருமுறை விழுந்தால் போர்டு இரண்டாகும். பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் சுங்கப் படிவத்தில் உண்மையான விலையையே எழுதுங்கள். 'அன்பளிப்பு' என்று போடச் சொல்லும் வாங்குபவருக்கு விற்க வேண்டாம். பொதி தொலைந்தால் ஈடு கேட்க முடியாது.

## கல்லூரிக் கிட்கள்

ஆய்வகம் மாற்றும்போது மூலையில் அடுக்கப்பட்ட 8085 கிட்களை யாரோ வீட்டுக்கு எடுத்துப்போய் விற்பது நடக்கக்கூடியது. நிறுவனத்தின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள் முறைப்படி கண்டம் செய்யப்பட்டு ஏலத்திலோ எழுத்து மூலமாகவோ கைமாறாதவரை அது நிறுவனத்தின் சொத்து. அந்தத் தாள் இல்லாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். கழிவாகவே போக வேண்டியவற்றுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும்.

முறைப்படி உங்கள் கைக்கு வந்த கிட் என்றால் அதன் சந்தை உள்ளூர்தான். அதில் படித்த பொறியாளர்கள், மைக்ரோபிராசசரை அடியிலிருந்து கற்க விரும்பும் மாணவர்கள், இன்னும் அந்தப் பாடத்தை நடத்தும் பாலிடெக்னிக் ஆசிரியர்கள், இவர்கள்தான் வாங்குவார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்காகக் காத்திருந்தால் கூரியர் செலவு கிட்டின் விலையைத் தாண்டிவிடும். குறைந்த விலை போட்டு, மேனுவலையும் ஓப்கோடு அட்டவணையையும் சேர்த்து, பக்கத்து ஊரிலேயே கொடுத்துவிடுங்கள்.